பூட்டிய பீரோவும் தொங்கிய தட்டும்

வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி வேணும். பழசா புதுசா? இதுதான் எங்க வீட்டுல ஆறு மாசமா ஓடின பட்டிமன்றம். நடுவர் கிடையாது. ரங்கமணி புதுசு கட்சி, நான் பழசு கட்சி. லீவுக்கு ஹாஸ்டல்லேர்ந்து வந்த பொண்ணு மட்டும் "எந்தக் கருமமா இருந்தாலும் சரி, என் கட்டிலுக்குக் கீழ இருக்கற அட்டைப்பெட்டிய மொதல்ல எடுங்க" கட்சி. அட்டைப்பெட்டி மொத்தம் ஒன்பது. எல்லாத்துலயும் புத்தகம். வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சிக்குப் போறப்ப "இந்த வாட்டி அஞ்சு புத்தகத்துக்கு மேல கிடையாது"ன்னு சபதம் போட்டுட்டுப் போற ஆள் நான். பாக்கி நீங்களே புரிஞ்சுக்குவீங்க. நீங்க மட்டும் என்ன யோக்கியமா?

அலமாரியே இல்லாத வீடுன்னு நினைச்சுடாதீங்க. ஹால்ல ஒண்ணு இருந்துச்சு. 2012-ல தள்ளுபடில வாங்கினது. பார்ட்டிகிள் போர்டு, மேல வால்நட் கலர்ல பளபளன்னு ஒரு தாள், நாலடி அகலம், அஞ்சு தட்டு. பெட்டியில வந்ததை ஒரு சின்ன அலன் சாவிய வெச்சு ரங்கமணியே மாட்டினார். அன்னிக்கு அவர் முகத்துல இருந்த பெருமைய எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட நான் பாத்ததில்ல. ரெண்டே வருஷம். நடுத்தட்டு சிரிக்க ஆரம்பிச்சுது. அதாவது நடுவுல தொங்கி, ரெண்டு ஓரமும் தூக்கி, அப்படியே ஒரு புன்னகை. நாலாவது வருஷம் வாய்விட்டே சிரிச்சுது. திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் தொங்கிச்சு. கீழ்த்தட்டு வேற மாதிரி கெட்டது. வீடு துடைக்கற தண்ணி ஓரத்துல பட்டுப் பட்டு, நனைஞ்ச ரஸ்க் மாதிரி உப்பிப் போச்சு. மரத்தூளையும் சில்லையும் பசையில அழுத்தின பலகை அது. ஒரு தடவை தண்ணி குடிச்சு வீங்கினா மறுபடி பழைய உருவத்துக்கு வராது.

ரங்கமணி சிவில் இஞ்சினியர். தட்டு தொங்கினதுல அவருக்கு வருத்தத்த விட ஆர்வம்தான் ஜாஸ்தி. ஒரு பேப்பர எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். தட்டு முழுக்க ஒரே சீரா பாரம் இருந்தா, நீளத்த ரெண்டு மடங்காக்கினா தொய்வு 16 மடங்கு ஆகுமாம். பலகையோட தடிமன ரெண்டு மடங்காக்கினா தொய்வு எட்டுல ஒரு பங்கா குறையுமாம். ரெண்டடித் தட்டுல கண்ணுக்கே தெரியாத தொய்வு நாலடித் தட்டுல பல்லை இளிக்கறது இதனாலதான். "இதை வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?"ன்னு கேட்டேன். பேப்பர மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

இருந்தாலும் மனுஷன் சொன்ன கணக்கு மனசுல ஒட்டிக்கிச்சு. குளியலறை எடை மெஷின ஹாலுக்குக் கொண்டு வந்து, தட்டுல ஒரு அடி நீளத்துக்கு நிக்கற புத்தகங்கள அப்படியே எடுத்து நிறுத்துப் பாத்தேன். நாவல், கட்டுரை எல்லாம் கலந்து கிட்டத்தட்ட ஆறு கிலோ. நாலடித் தட்டுக்கு 24. நான் முன்னால ஒரு வரிசை, பின்னால ஒரு வரிசை வைக்கற ஆள். ஆக 48 கிலோ. ஒரு ஆளைத் தூக்கிப் படுக்க வெச்சிருக்கேன் அந்தத் தட்டு மேல, வருஷக்கணக்கா. அது சிரிச்சதே பெரிசு.

சரி, பழசு தேடலாம்னு கிளம்பினேன். நாங்க குரோம்பேட்டை பக்கம்ங்கறதால பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை நடக்கற தூரம். செடி, பழைய மிக்ஸி, கம்ப்யூட்டர் சாமான், கிராமபோன்னு எல்லாத்துக்கும் நடுவுல மரச்சாமானும் வரும். நாலஞ்சு வெள்ளிக்கிழமை போனதுல கொஞ்சம் பாடம் கத்துக்கிட்டேன். முன்னாடி நின்னு பாக்கவே கூடாது. பின்னாடி போயி முதுகைப் பாக்கணும், குனிஞ்சு காலைப் பாக்கணும், இழுப்பறைய முழுசா வெளிய எடுத்து அதோட அடிய பாக்கணும். மூலையில பல்லுப் பல்லா வெட்டிக் கோத்திருந்தா ஆசாரி நிதானமா செஞ்சதுன்னு அர்த்தம். "நூறு வருஷத்து சாமான்மா"ன்னு சத்தியம் பண்ணுவாங்க, கீலைப் பாத்தா நட்சத்திரத் தலை திருகு பல்லைக் காட்டும். அந்தத் திருகே 1930-கள்லதான் புழக்கத்துக்கு வந்துச்சு. ஒண்ணு கீல் மாத்தியிருக்காங்க, இல்ல பலகைக்குக் கருப்பா சாயம் அடிச்சுப் போன வருஷம் செஞ்சிருக்காங்க. சின்னச் சின்ன ஓட்டை இருந்தா பயப்பட வேண்டாம், ஆனா தட்டிப் பாத்தா வெளுப்பா மாவு கொட்டுச்சுன்னா உள்ள ஆள் இன்னும் குடியிருக்குன்னு அர்த்தம். வீட்டுக்குக் கொண்டு வந்தா நம்ம கட்டிலுக்கும் குடி வந்துடும்.

ஒரு நாள் வக்கீல் வீட்டு அலமாரி ஒண்ணு பாத்தேன். பெட்டி பெட்டியா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கண்ணாடிக் கதவு, மேல தூக்கி உள்ள தள்ளினா மறைஞ்சுடும். அமெரிக்காவுல சின்சினாட்டியில இருந்த குளோப் வெர்னிக்கேங்கற கம்பெனி பிரபலமாக்கின வடிவம். புத்தகம் சேரச் சேர பெட்டிய வாங்கி மேல அடுக்கிக்கிட்டே போகலாம். வீடு மாத்தறப்ப புத்தகத்தோடயே தனித்தனியா தூக்கிட்டுப் போகலாம். என்னா மூளை! விலைய கேட்டேன். சந்தையில ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அடுத்து காரைக்குடி போகலாம், முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்கு கிடைக்கும்னு நான் ஆரம்பிச்சப்பதான் பெங்களூர்லேர்ந்து தம்பி போன் பண்ணினான். "அக்கா, எதுக்கு ஊர் ஊரா சுத்தற? அப்பா பீரோ இருக்கே. ஃப்ளாட்டுல எனக்கு இடமில்ல. நீ எடுத்துக்கோ."

எனக்கு உடனே சரின்னு சொல்ல வாய் வரல.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

அப்பா கும்பகோணத்துல வக்கீல் குமாஸ்தா. அவர் வேலை பாத்த வக்கீல் காலமானதும் அவர் பசங்க ஆபீஸ் சாமானெல்லாம் வித்தாங்க. அப்ப, 1974-ல, அப்பா ரெண்டு மாச சம்பளத்தைக் கொடுத்து வாங்கினது அந்தக் கண்ணாடி பீரோ. ஆறடி உயரம், நாலடி அகலம், ரெண்டு கதவு, கீழ ஒரு இழுப்பறை. முதலாளி சட்டப் புத்தகம் வெச்சிருந்த இடத்துல அப்பா தன் புத்தகங்கள வெச்சார். முக்காவாசி அவரே பைண்டு பண்ணினது. பத்திரிகைல வர்ற தொடர்கதைய வாராவாரம் கிழிச்சு, முடிஞ்சதும் தைச்சு, மைதா பசை காய்ச்சி அட்டை ஒட்டி, முதுகுல வெள்ளை மையில பேர் எழுதுவார். 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகமும் அப்படித்தான் இருந்துச்சு, பச்சைக் காலிகோ போட்டு.

1983. எனக்குப் பதிமூணு வயசு. சொல்லாம ரெண்டாம் பாகத்த எடுத்துட்டுப் போயி ஸ்கூல்ல ஒரு ஃப்ரெண்டுக்குக் கொடுத்தேன். அவ தம்பி நந்தினி படத்தை அழகா கத்தரிச்சு நோட்டுல ஒட்டிக்கிட்டான். திரும்பி வந்த புத்தகத்துல நந்தினி இருந்த இடத்துல ஜன்னல். அப்பா திட்டல. அடிக்கல. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல, அவ்வளவுதான். மறுநாள் பீரோவுல ஒரு பித்தளைப் பூட்டு தொங்கிச்சு. சாவி அவர் சட்டைப்பையில.

அதுக்கப்புறம் ஒரு புத்தகம் வேணும்னா அப்பாகிட்டக் கேக்கணும். ஆபீஸ்லேர்ந்து வந்து, காப்பி குடிச்சு, பேப்பர் படிச்சு முடிச்சதும் எழுந்து திறப்பார். ஒரே ஒரு புத்தகம். இழுப்பறையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்து தேதி, புத்தகம், பேர் எழுதுவார். கடைசிக் கட்டம் 'திரும்பி வந்த தேதி'. லைப்ரரி தோத்துது போங்க. தம்பி பேரும் அதுல இருக்கு, மூணே மூணு தடவை. என் பேர் பக்கம் பக்கமா. நின்னு மேயணும், இதை எடுத்து நாலு பக்கம் பாத்துட்டு அதை எடுக்கணும், அதுதானே புத்தக அலமாரியோட சுகமே? அது எனக்கு அந்த வீட்டுல கிடைக்கல. கண்ணாடி வழியா முதுகுகள மட்டும் படிச்சேன். இன்னிக்கும் கண்ணை மூடினா அந்த வரிசை அப்படியே வரும்.

1995-ல கல்யாணம். அதுக்கு முந்தின மாசம் வாங்கின மூணாம் பாகம் என் பெட்டியோட சென்னைக்கு வந்துடுச்சு. வேணும்னு செஞ்சேனா, மறந்தேனான்னு எனக்கே இன்னும் தெளிவில்ல. அப்பா எப்ப இங்க வந்தாலும் "மூணாம் பாகம் பத்திரமா இருக்கா?"ன்னு கேப்பார். கொடுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. நானும் கொடுக்கல.

2019-ல அப்பா போனார். சாவி அம்மாகிட்ட இருந்துச்சு. அம்மா பீரோவ வெளியில மட்டும் துடைப்பாங்க. அப்புறம் கொரோனா, போக்குவரத்தே இல்ல. 2022-ல அம்மா தம்பியோட போயிட முடிவு பண்ணி, வீட்டைக் காலி பண்ணினப்பதான் நான் போய்த் திறந்தேன். என் கையால அந்தப் பூட்டைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

முன்னாடி பாத்தா எல்லாம் அப்படியே இருந்துச்சு. பச்சை முதுகு, வெள்ளை எழுத்து, வரிசை கலையாம. முதல் பாகத்தை இழுத்தேன். முதுகு மட்டும் கையோட வந்துச்சு. பின்னால புத்தகம் இல்ல, மண்ணு. ரெண்டாவது, நாலாவது, அஞ்சாவது எல்லாம் அதே. கரையான் பின்பலகை வழியா வந்து, உள்ள இருந்ததத் தின்னுட்டு, முகத்த மட்டும் விட்டு வெச்சிருக்கு. நாலு தட்டுல ஒரு தட்டு தேறல. இழுப்பறைல இருந்த நோட்டு மட்டும் தப்பிச்சிருந்துச்சு. புரட்டினேன். 1994-ல் ஒரு வரி: 'பொ.செ. மூன்றாம் பாகம்', என் பேர், தேதி. கடைசிக் கட்டம் காலி. அதுக்குக் கீழ வேற வரியே இல்ல. நோட்டுல பாதி வெள்ளை.

அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. என்னைத் திறக்க விட்டிருந்தா, ஒவ்வொரு லீவுக்கும் போறப்ப எடுத்துத் தட்டித் துடைச்சிருப்பேனே. நான் தொடக் கூடாதுன்னு முன்னாடி பித்தளைப் பூட்டு. அது வந்தது பின்னாடி வழியா. அம்மாகிட்டக் கத்தினேன். "நீ சாவிய கேட்டிருந்தா கொடுத்திருப்பார்டி, அந்த மனுஷன்"னாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க. இதனாலதான் அந்த பீரோ எனக்கு வேண்டாம்னு அப்ப தம்பி தலையில கட்டிட்டு வந்தேன். அவன் அத ஒரு சொந்தக்காரர் வீட்டு மாடியில போட்டு வெச்சிருந்தான்.

ரெண்டு நாள் யோசிச்சுட்டு, கொண்டு வரச் சொன்னேன்.

எங்களுது மூணாவது மாடி. பழைய பீரோ வாங்கறவங்க மொதல்ல அளக்க வேண்டியது பீரோவை இல்ல, மாடிப்படித் திருப்பத்த. லிஃப்டுல நுழையல. நல்ல வேளையா மேல இருக்கற அலங்காரச் சட்டம் தனியா கழண்டுச்சு, கதவுகளையும் கழட்டினோம். நாலு பேர் முக்கி முனகித் தூக்கிட்டு வந்தாங்க. வயசான ஆசாரி ஒருத்தர் வந்து பாத்தார். முன் சட்டத்துல நகத்தால கீறி, முகர்ந்தே பாத்தார். "தேக்குதாம்மா. வைரம் பாய்ஞ்ச கட்டை. கரையான் வாயே வெக்கல பாருங்க." அப்புறம் பின்னாடி போய் முதுகுல விரலை வெச்சார். விரல் உள்ள போயிடுச்சு. "முகத்துக்குத் தேக்கு, முதுகுக்கு மாம்பலகை. இப்ப ப்ளைவுட்டு மேல மைக்கா ஒட்றோம்ல, அப்ப இது. எல்லாக் காலத்துலயும் இதேதாம்மா." நான் பழசுன்னா எல்லாமே பழசு முழுக்க நல்லதுன்னு வாதாடிக்கிட்டிருந்த ஆள். ரங்கமணி பக்கம் திரும்பவே இல்ல.

மாம்பலகைய முழுசா கழட்டித் தூக்கிப் போட்டுட்டு, 12 எம்.எம். பி.டபிள்யூ.பி. ப்ளைவுட் போட்டார். கடையில கேட்டா எம்.ஆர்.னு ஒரு ரகம் கம்மி விலைக்குக் காட்டுவாங்க. அது ஈரப்பதத்த மட்டும்தான் தாங்கும். சுவர் ஓரம் நிக்கப் போற பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாத்து வாங்கறது நல்லது. சாயம் எதுவும் வேண்டாம்னுட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அரக்கு பாலிஷ் மட்டும். சுவர்லேர்ந்து மூணு அங்குலம் தள்ளித்தான் நிக்குது, டார்ச் அடிச்சா முதுகு முழுக்கத் தெரியணும்னு.

ஒரு சிக்கல் பாக்கி இருந்துச்சு. பழைய வக்கீல் பீரோவுக்கு ஆழம் ஜாஸ்தி, 15 அங்குலம். தடிதடியான சட்டப் புத்தகத்துக்குச் செஞ்சது. நம்ம டெமி சைஸ் புத்தகம் அகலம் அஞ்சரை அங்குலம், கிரவுன் அஞ்சு. ரெண்டு வரிசை வெச்சாத்தான் இடம் வீணாகாது, ஆனா பின்வரிசை கண்ணுக்குத் தெரியாது. தெரியாத புத்தகத்த யாரும் எடுக்க மாட்டாங்க. அதுல நான் பட்டது போதும். ஒவ்வொரு தட்டுலயும் பின்னால நாலு அங்குல உயரத்துக்குக் கொலுப்படி மாதிரி ஒரு படி போடச் சொன்னேன். இப்ப பின்வரிசைப் புத்தகம் முன்வரிசைத் தலைக்கு மேல எட்டிப் பாக்குது. பெருமைக்குச் சொல்லல, இந்த ஐடியா மட்டும் சொந்தச் சரக்கு.

அந்த பீரோவுல ஒன்பது பெட்டி அடங்குமா? அடங்கல. அதனால ரங்கமணி கட்சிக்கும் பாதி வெற்றி. ஹால் சுவர்ல கதவே இல்லாத திறந்த தட்டு, 18 எம்.எம். ப்ளைவுட்ல, ரெண்டரை அடிக்கு ஒரு நடுச்சட்டம், ஆழம் பத்தே அங்குலம். பெங்களூர்ல தம்பி வீட்டுல இருக்கற ஐகியா பில்லி அலமாரிய அளந்துட்டு வரச் சொன்னேன். 80 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழம். 1979-லேர்ந்து வித்துக்கிட்டிருக்கற அலமாரி. அது தோராயமா நம்ம கணக்கோட ஒத்துப் போச்சு. ரங்கமணி அன்னிக்கு முழுக்க விசில் அடிச்சுக்கிட்டே இருந்தார். திறந்த தட்டுல தூசு சேருது, உண்மைதான். வாரம் ஒரு தடவை துடைக்கறேன். துடைக்கறப்ப ஒண்ண எடுத்து நின்னுக்கிட்டே படிச்சு, அடுப்புல பால் பொங்கினது ரெண்டு வாட்டி.

பீரோ வேலை முடிஞ்சதும் ஆசாரி "பூட்டு பழசாயிடுச்சு, புதுசு ஒண்ணு போட்டுடவா?"ன்னார். வேண்டாம்னேன். கதவு தானா திறந்துக்காம இருக்க ஒரு காந்தம் மட்டும் வெக்கச் சொன்னேன். மேல்தட்டுல அந்த மூணாம் பாகத்த வெச்சேன், பக்கத்துல அப்பாவோட நோட்டு.

போன மாசம் பொண்ணு வந்துட்டுப் போனா. அவ போன மறுநாள் துடைக்கப் போனா மூணாம் பாகத்தக் காணோம். போன் பண்ணினேன். "ரெண்டு பாகம் நான் ஃபோன்லயே படிச்சுட்டேன்மா, அடுத்தது அங்க இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். ஏன், எடுக்கக் கூடாதா?"ன்னா. எடுக்கலாம்னேன். போனை வெச்சுட்டு நோட்டை எடுத்து, என் வரிக்குக் கீழ தேதி, புத்தகம், அவ பேர் எழுதி வெச்சேன்.

பி.கு: ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போட்டுப் பாத்தேன், கதவத் திறந்தா மூச்சு முட்டுது. இப்ப வசம்பும் காய்ஞ்ச வேப்பிலையும் துணியில முடிஞ்சு வெச்சிருக்கேன். வீட்டுல பைண்டு பண்றவங்க மைதா பசையில கொஞ்சம் மயில்துத்தம் கலந்துக்கோங்க, பைண்டிங் கடைக்காரங்க செய்யறதுதான். கையை மட்டும் நல்லா கழுவிடுங்க, அது விஷம். வேற வழி தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்கப்பா.